குழாய் ஒழுகினால் யார் செலவு?

"பாத்ரூம் குழாய் ஒழுகுது சார், ஆளை அனுப்புங்க." "குடியிருக்கிறது நீங்கதானே, நீங்களே பாத்துக்கங்க." வாடகைக்கு விட்ட எல்லாருக்கும் பழகிய பேச்சு இது. தமிழ்நாட்டில் இதற்குச் சட்டமே பதில் எழுதி வைத்திருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுது யார் தலையில் என்று பிரித்துச் சொல்கிறது.

சுருக்கமாக இப்படி நினைவில் வைக்கலாம்: சுவரும் சுவருக்குள் இருப்பதும் உரிமையாளரான உங்களுடையது, தினமும் கைபட்டுத் தேய்வது குடியிருப்பவருடையது. கட்டடப் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் வயரிங், சுண்ணாம்பு, பெயிண்ட் ஆகியவை உரிமையாளர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கீசர், வாஷ் பேசின், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை வாடகைதாரர் செலவு. காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பல ஊர்களில் வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதாமல் அப்படிப் பிடித்தால் வழக்கம் உங்களுக்குத் துணை நிற்காது.

சிக்கல் நடுவில் நிற்கும் பழுதில்தான். பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாய்ச்சண்டைக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மோட்டார் போடாமல், தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் பெரும்பாலும் உள்குழாயில் கசிவு, செலவு உங்களுடையது. ஆனால் வாடகைதாரர் ஆணி அடித்த இடத்திலிருந்து ஈரம் வருகிறது என்றால் கதை வேறு. வாடகைதாரரால் வந்த சேதத்தை அவர்தான் சரிசெய்ய வேண்டும்.

அவர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் நீங்களே செய்து அட்வான்ஸில் கழிக்கலாம். நீங்கள் மறுத்தால் அவரும் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. எழுத்தில் கேட்டும் நீங்கள் அசையாமல், வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போனால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து அவர் வெளியேறலாம். வாடகை அதிகாரியிடமும் போகலாம்.

எனவே சாவி கொடுக்கும் அன்றே இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி, சுவிட்சைப் போட்டுப் பார்த்து, விரிசலைப் படம் எடுத்து, அதே இடத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிறகு பழுது பார்த்த பில்லையும் அதே வாட்ஸ்அப் உரையாடலில் போட்டு வாருங்கள். "இது முன்னாடியே இருந்தது" என்று யார் சொன்னாலும், திருப்பிப் பார்க்க ஒரு படம் இருக்கும்.