கடைப் பலகையும் புகையிலைச் சட்டமும்

புகையிலை விளம்பரம் சட்டத்தால் அறவே ஒழிக்கப்பட்டது என்றே தருமபுரி மாவட்டத்துச் சபைகளில் ஊழியம் செய்யும் நம்மில் பலர் எண்ணுகிறோம். 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் தனது 5ஆம் பிரிவால் விளம்பரங்களைத் தடைசெய்தது உண்மையே. 2004 மே முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அதே பிரிவு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. பொருளின் உறையிலும், அதனை விற்கும் கடையின் முகப்பிலும் உள்ளிலும் விளம்பரத்திற்கு இடமுண்டு.

அவ்வாயிலைக் குறுக்கவே விதிகள் எழுந்தன. கடைப் பலகை 60 செ.மீ.க்கு 45 செ.மீ. என்னும் அளவை மீறலாகாது. அதன் மேற்புறத்தில் 20 செ.மீ.க்கு 15 செ.மீ. அளவில் இந்திய மொழியொன்றில் எச்சரிக்கை இருத்தல் வேண்டும். பலகையில் விற்கப்படும் பொருளின் வகையை மட்டுமே குறிக்கலாம். வணிகப் பெயரும் படமும் விளக்கொளியும் கூடா என்று 2005இல் விதிக்கப்பட்டது. அப்போது மத்திய சுகாதார அமைச்சராயிருந்தவர் அன்புமணி ராமதாஸ். பின்னர் 2014 முதல் 2019 வரை தருமபுரித் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்தவரும் அவரே. 2006இல் பம்பாய் உயர்நீதிமன்றம் இவ்விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2013 ஜூலையில்தான் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. ஆறாம் வகுப்பில் சேர்ந்த சிறுவன் பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறப் போதுமான காலம் அது!

படத்தை ஏன் விலக்க வேண்டும் என்று வினவலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே மிகக் குறைவு. எழுத்தறியாதவர் எச்சரிக்கையைப் படிக்க இயலாது. ஆனால் பெட்டியின் நிறத்தையும் வடிவத்தையும் கண்டவுடன் அறிந்துகொள்வர். வண்ணப் பலகை பேசுவது அவரிடமே.

சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. பொது இடத்தில் புகைப்பவரிடமும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பவரிடமும் 200 ரூபாய் வரை தண்டம் பெற்று, குற்றத்தை அவ்விடத்திலேயே முடித்துவிடலாம். விளம்பரக் குற்றத்திற்கு அவ்வழி இல்லை. வழக்கு நீதிமன்றம் செல்ல வேண்டும். முதல் முறை ஈராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தண்டனை பெரிது, வழி நெடிது. ஆகவே அதிகாரிகள் எளிய வழியை நாடுவதில் வியப்பில்லை. காவல்துறையில் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் கடையில் நுழைந்து சோதனையிடலாம். பலகையின் நீள அகலத்தையும், கடையின் இருப்பிடத்தையும், கண்ட நாளையும் குறித்து எழுத்து மூலம் அவரிடம் மனு அளிப்பது பயனுடையது. கடைக்காரரைக் கடிந்து பேசுவதால் பயனில்லை. பலகையை அவருக்குப் பெரும்பாலும் நிறுவனமே தருகிறது.

நம் திருச்சபைப் பள்ளிகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்திற்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், புகையிலை விற்பனை கூடாது. அதனை அறிவிக்கும் பலகையை வளாகத்திற்கு வெளியே, பலரும் காணுமிடத்தில் நிறுவ வேண்டியவர் பள்ளிப் பொறுப்பாளர். அப்பலகை இல்லாத பள்ளியின் தாளாளர் எதிர்க்கடையைக் குறித்து மனு எழுதினால், காவல் நிலையத்தில் கேட்கப்படும் முதற்கேள்வி எதுவாயிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.