உங்களுக்குத் தெரியுமா? சிவப்பணுவைத் துளைக்கும் நச்சு

தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் கிருமியை, செம்மறியாட்டு ரத்தம் கலந்த அகார் தட்டில் தீற்றி, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓரிரவு வைத்தால், காலையில் குண்டூசித் தலையளவு வெண்புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு நிறமே போய், பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம் என்கிற அளவுக்குத் தட்டு தெளிந்திருக்கும். அங்கிருந்த சிவப்பணுக்கள் அத்தனையும் உடைந்துவிட்டன!

உடைப்பவை இக்கிருமி சுரக்கும் இரண்டு நச்சுகள்: ஸ்ட்ரெப்டோலைசின் எஸ், ஸ்ட்ரெப்டோலைசின் ஓ. இரண்டாவதன் வேலைதான் விசேஷம். சிவப்பணுவின் சவ்விலுள்ள கொலஸ்டிராலைப் பற்றிக்கொண்டு, இந்த நச்சின் மூலக்கூறுகள் பல வட்டமாகக் கைகோத்து, சவ்வில் சுமார் 30 நானோமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போடும். தண்ணீர் புகுந்து அணு உப்பி வெடிக்க, ஹீமோகுளோபின் வெளியே கொட்டிவிடும். இத்தனை வீரமும் ஆக்சிஜன் படும்வரைதான், பட்டால் செயலிழந்துவிடும். அதனால்தான் ஆய்வகத்தில் கம்பி வளையத்தால் அகாரைக் குத்தி, கிருமியை ஆழத்திலும் விதைக்கிறார்கள்.

இந்த ‘ஓ’ நச்சுக்கு நம் உடல் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. (‘எஸ்’ மிகச் சிறியது, உடலின் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.) மூட்டு வீங்கிய பிள்ளைக்கு, இக்கிருமித் தொற்றை அடுத்து வரும் ருமாட்டிக் காய்ச்சலோ என்று சந்தேகித்து டாக்டர் எழுதித் தரும் ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை அளப்பது அந்த எதிர்ப்பொருளைத்தான். அளவு கூடியிருந்தால், அண்மையில் ஸ்ட்ரெப் கிருமி வந்துபோயிருக்கலாம் என்று பொருள். அதை மட்டும் வைத்து ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவுகட்ட முடியாது.