214 கோடிச் சொச்சம்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. புரோகிராம் எழுதுகிறவர்கள் 2147483647 என்று இதை மனப்பாடமாகவே சொல்வார்கள். கூட்டல், கழித்தல் குறியோடு 32 பிட்டில் அடங்கும் முழு எண்ணின் உச்சம் இதுதான். ஆனால் கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த எண்ணுக்குப் புகழ் உண்டு.

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது வரும். இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவான பகா எண்களுக்கு மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயர். எந்தெந்த அடுக்குகளில் பகா எண் கிடைக்கும் என்று 1644-ல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67-ம் 257-ம் தப்பு. 61, 89, 107 விடுபட்டுப்போயின. 31 மட்டும் சரி என்றால் எப்படி நம்புவது?

1772-ல் கணித மேதை ஆய்லர், 31 சரிதான் என்று நிரூபித்தார். அப்போது அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே அது 46,340. அதற்குள் பகா எண்களே சுமார் 4,800 இருக்கின்றன. ஆய்லர் அத்தனையையும் தொடவில்லை. இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுஎண் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆகவேண்டும் என்று காட்டினார். சோதிக்க வேண்டியவை அதிகபட்சம் 372 எண்களாகச் சுருங்கின. எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. உழைப்பை இப்படி மிச்சம் பிடித்ததுதான், என்னைக் கேட்டால், அந்த நிரூபணத்தின் அழகு.

இந்த எண்ணை 2-ன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக நிற்கும் நிறைவெண் அது; 6, 28 இவற்றின் தம்பி. 1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் தேடப்போவதில்லை, இவையெல்லாம் பயனற்ற விநோதங்கள்தானே என்று எழுதிவைத்தார். 1876-லேயே கணிதவியலாளர் லூக்கா, 2-ன் 127-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவான எண்ணும் பகா எண்தான் என்று நிரூபித்து அவரைப் பொய்யாக்கிவிட்டார். 2024-ல் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

பயனும் வந்தது. ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுத்து, அதையே மறுபடி பெருக்கு. கணினிகளில் குருட்டாம்போக்கு எண்களை உண்டாக்க வெகுகாலம் புழங்கிய முறை இது. வகுப்பது பகா எண் என்பதாலும் 16807-ஐத் தேர்ந்த விதத்தாலும், 214 கோடிச் சொச்சம் எண்களையும் சுற்றிவந்த பிறகே தொடங்கிய எண் திரும்ப வரும்.

32 பிட்டின் உச்சம் பகா எண்ணாக அமைந்தது தற்செயல்தான். 16 பிட்டின் உச்சமான 32767-ம் சரி, 64 பிட்டின் உச்சமும் சரி, ஏழால் வகுபடும்.

உச்சத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று 2014 டிசம்பரில் உலகமே வேடிக்கை பார்த்தது. கங்னம் ஸ்டைல் பாட்டு பார்க்கப்பட்ட கணக்கு இந்த எண்ணைத் தாண்டப்போவதைக் கண்டு, யூடியூப் முன்கூட்டியே 64 பிட்டுக்கு மாறியிருந்தது. அது விளையாட்டு; அடுத்தது அப்படியல்ல. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் கருவிகள், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த விநாடி அவற்றில் 1901 டிசம்பர் 14 என்று காட்டும். பழைய கருவிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இப்போதே விசாரித்து வைப்பது நல்லது.