பின்னால் நடக்கும் அருவி

நயாகராவுக்குப் போகிறவர்கள் ஒரு நிமிடமாவது அருவிக்கு முதுகைக் காட்டி, ஆறு போகும் திசையைப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று வடக்கே சுமார் 11 கிலோமீட்டர் நீள்கிறது. அருவி நடந்து வந்த தடம் அது. பனிப்பாறைகள் உருகி விலகிய காலத்தில், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், அதன் மறுகோடியில் குவீன்ஸ்டன் அருகேதான் ஆறு முதன்முதலாக மேட்டிலிருந்து குதித்தது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, தண்ணீர் மேலிருந்து பாறையைத் தேய்த்திருக்கும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. உச்சியில் இருப்பது டோலமைட் என்ற கெட்டிப் பாறை. அதன் கீழே ஷேல்: பழைய கடற்சேறு இறுகிப் பாறையானது, ஏடு ஏடாகப் பிரியும். சாரலில் ஊறி, குளிரில் உறைந்து, மீண்டும் இளகி அது உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அடி குடைந்துபோக, டோலமைட் மட்டும் தாழ்வாரம்போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் பாரம் தாங்காமல் முறியும். 1850-இல் கனடா கரையில் டேபிள் ராக் என்ற பெரிய பாறைத்திட்டு அப்படித்தான் விழுந்தது. நீர்வீழ்ச்சி என்ற பெயர் பாதிதான் பொருத்தம். விழுவதில் பாறைக்கும் பங்குண்டு. முறிந்த இடம் செங்குத்தாக இருப்பதால்தான் அருவி சரிவாகிவிடாமல் அருவியாகவே பின்வாங்குகிறது.

1841-இல் இங்கே வந்த நிலவியலாளர் சார்லஸ் லயல், அருவி ஆண்டுக்கு ஓர் அடி பின்வாங்குகிறது என்று வைத்து, பள்ளத்தாக்கின் வயது 35,000 ஆண்டுகள் என்று கணக்குப் போட்டார். பள்ளத்தாக்கைக் கடிகாரமாகப் பார்த்த யோசனை அருமை, விடைதான் தப்பு. நயாகராவின் பெரிய அருவியான குதிரைலாட அருவி அன்று ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்திலுள்ள அமெரிக்க அருவிக்கு வரும் தண்ணீர் சொற்பம். விழுந்த பாறைகளை உடைத்து அடித்துப்போக அதற்குத் தெம்பில்லை. காலடியில் குவிந்து கிடக்கின்றன. 1969-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் தற்காலிக அணை போட்டு இந்த அருவியை மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். தண்ணீர் வடிந்த படுகையில் சுற்றுலாப் பயணிகள் வீசிய சில்லறைக் காசுகள் கிடந்தன. குவியலை அள்ளலாமா என்று ஆராய்ந்துவிட்டு, கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இன்று ஆற்றின் பெரும்பகுதி, அருவிக்கு வருமுன்பே மின்நிலையங்களுக்குத் திரும்பிவிடுகிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்தில் பகலில் நொடிக்கு 2,832 கனமீட்டராவது அருவியில் விழ வேண்டும். இரவில் அதில் பாதி போதும். தண்ணீர் குறைந்ததில் நகர்வும் தளர்ந்துவிட்டது. இப்போது ஆண்டுக்குச் சுமார் ஓர் அடி என்கிறார்கள். லயல் தப்பாகப் போட்ட அதே ஓர் அடி.