பையர் வருவதற்கு முந்தின ராத்திரி

நாளைக் காலை பத்தரை மணிக்கு ஐரோப்பாவிலிருந்து பையர் வருகிறார். கான்ஃபரன்ஸ் ரூமில் அவர் உட்காரப்போவது மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே தயாராகிறது தெரியுமா? வாருங்கள், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் சாம்பிள் செக்‌ஷனுக்குள் இப்போதே எட்டிப் பார்த்துவிடுவோம்!

உள்ளே நுழைந்தால் மேஜை கொள்ளாமல் டி-ஷர்ட். ஓவர்லாக் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஏனுங்கண்ணா, கழுத்து ரிப் அலையடிக்குதுங்களே" என்று சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார் மெர்ச்சண்டைசர் பெண். "இரு அம்மிணி, பிரிச்சுத் தெச்சா உக்காந்துக்கும்" என்கிறார் சாம்பிள் டெய்லர், தலையைத் தூக்காமலே. பிரித்துத் தைத்தார். உட்கார்ந்தேவிட்டது! பையர் சட்டையைக் கையில் எடுத்ததும் முதலில் விரலை ஓட்டிப் பார்க்கிற இடம் அந்தக் கழுத்துதான்.

பக்கத்து மேஜையில் வட்டமான ஒரு சின்னக் கருவி. துணிமேல் வைத்து அழுத்தித் திருப்பினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் கச்சிதமாக வெட்டி வரும். அதைத் தராசில் போடுகிறார்கள். 1.80 கிராம்! நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 180 கிராம், அதாவது 180 ஜிஎஸ்எம். பையர் அனுப்பிய டெக் பேக்கில், அதாவது சட்டையின் விவரக் குறிப்பில், எழுதியிருப்பதும் அதே 180. அந்த வட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. சாம்பிள் அட்டையில் ஒட்டி, எடையைப் பேனாவால் எழுதி வைக்கிறார்கள். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் வாயால் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை, அட்டையை நீட்டினால் போதும்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த இடம்: லைட் பாக்ஸ். பையர் கேட்ட நீலத்துக்கு டையிங்கிலிருந்து ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப், அதாவது சாயமேற்றிய மாதிரித் துண்டுகள், வந்திருக்கின்றன. பகல் வெளிச்சத்துக்கான டி-65 விளக்கில் மூன்றுமே அச்சு அசல். சுவிட்சைத் தட்டி டிஎல்-84 விளக்குக்கு மாற்றுகிறார் மெர்ச்சண்டைசர். ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சம் அது. அடடா! 'பி' மட்டும் லேசாகச் சிவப்படித்துத் தனியே நிற்கிறது. ஒரே துணி, ஒரே கண், விளக்கு மாறியதும் வேறு நிறம். ட்யூப்லைட்டுக்குக் கீழே பார்த்துவிட்டு "மேட்ச் ஆயிருச்சு" என்று நாளைக்கு நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! 'பி' இந்த ராத்திரியே ஃபைலை விட்டு வெளியேறுகிறது.

இனி காஸ்டிங். மொத்த ராத்திரியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். கணக்கைப் பாருங்கள். உடம்பு நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10. ஆக 104. அரை மார்பு 53, தையல் இடம் 4. ஆக 57. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்குமாக இரண்டால் பெருக்கி, 180 ஜிஎஸ்எம்மால் பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்தால் ஒரு சட்டைக்குச் சுமார் 213 கிராம் துணி. இதன்மேல் கட்டிங் வேஸ்ட். பிறகு நூல் விலை, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்ட், தையல் கூலி, லேபிள், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி வாடகை. எல்லாவற்றையும் கூட்டி, லாபம் வைத்து, டாலர் விலையால் வகுத்தால் வருவதுதான் நாளைக்குச் சொல்லப்போகும் எஃப்ஓபி விலை, அதாவது கப்பலில் ஏற்றுவது வரைக்குமான விலை.

நூல் விலையை இன்று மாலைதான் போன் போட்டு உறுதிசெய்திருக்கிறார்கள். போன மாதத்து விலையை நம்பி யாரும் இங்கே பையர் முன்னால் வாய் திறப்பதில்லை. 2022 மே மாதம் நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்து இரண்டு நாள் உற்பத்தியையே நிறுத்திய ஊர் இது. கிலோவுக்குச் சில ரூபாய் ஏறினாலும் லாபம் எங்கே போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இப்போது மேஜை டிராயரைத் திறக்கிறார் மெர்ச்சண்டைசர். உள்ளே அதே டிசைனில் இன்னொரு சட்டை! தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் மெல்லிசு. 160 ஜிஎஸ்எம். பையர் கட்டாயம் விலை குறைக்கக் கேட்பார். 10 சென்ட் விட்டுக்கொடுத்தால் ஒரு லட்சம் பீஸுக்கு 10,000 டாலர் போய்விடும். அதற்குப் பதில் இந்தச் சட்டையை எடுத்து நீட்டுவார். துணி 213 கிராமிலிருந்து 190-க்கு இறங்குகிறது, விலை தானாகவே குறைகிறது. அதுவும் வேண்டாம் என்றால் நாலு கலர் பிரிண்டை மூன்று கலராக்கலாம், ஆறு நிறத்தை நாலாக்கி டையிங் லாட்டைப் பெரிதாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் விலை எழுதியாயிற்று. இதற்குக் கீழே போகவே கூடாது என்ற விலையும் ஒன்று இருக்கிறது. அது முதலாளிக்கும் இவருக்கும் மட்டும் தெரியும்.

நல்ல தயாரிப்பு என்று நான் சொல்வது இந்த டிராயரைத்தான். சம்பந்தமில்லாத அறுபது ஸ்லைடைக் காட்டுவதைவிட, கேட்கப்போகும் கேள்விக்குத் தைத்து வைத்த ஒரு சட்டை பெரிய விஷயம்.

மற்றதெல்லாம் சடசடவென்று முடிகிறது. ஓகோ-டெக்ஸ், கோட்ஸ் சான்றிதழ்களுக்கு ஓராண்டுதான் செல்லுபடி என்பதால் தேதி பார்க்கிறார்கள். பையரின் ஆன்லைன் கடையில் எந்த மாடல் முழு விலைக்குத் தீர்ந்தது, எது தள்ளுபடிக்குப் போனது என்று ஒரு பக்கக் குறிப்பு அடிக்கிறார்கள். இளநீருக்குச் சொல்லியாயிற்று.

பதினோரு மணிக்கு முதலாளி வந்து பையரின் நாற்காலியில் உட்காருகிறார். ஒத்திகை! "டெலிவரியில பத்து நாள் கொறைக்கணும், முடியுமா?" என்று எடுத்த எடுப்பிலேயே மடக்குகிறார்.

"முடியுங்க சார். நீங்க கலர் அப்ரூவலை வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துட்டீங்கன்னா, திங்கக்கிழமை டையிங்ல ஏத்திடுவோம். லேப் டிப் இந்தாங்க, இப்பவே பாத்துச் சொல்லிடுங்க" என்று ஏ, சி அட்டைகளை அவர் முன்னால் வைக்கிறார் மெர்ச்சண்டைசர். முதலாளி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த கேள்விக்கு நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போடுகிறார்.