ஐடியூன்ஸ் நூலகக் கோப்பை மீட்டெடுத்தல்

ஐடியூன்ஸ் என்பது ஆப்பிள் நிறுவனம் 2001 சனவரியில் அறிமுகப்படுத்திய இசை மென்பொருள் ஆகும். இம்மென்பொருளை இற்றைப்படுத்தும்போது இதன் நூலகக் கோப்பு சிதைவதுண்டு. அப்பொழுது தொகுப்பு முழுவதும் அழிந்துவிட்டது போன்று வெற்றுப் பட்டியல் தோன்றும். பெரும்பாலும் பாடல்கள் வன்தட்டில் அப்படியே இருக்கும். பழுதடைந்தது அவற்றின் அட்டவணை மட்டுமே.

நூலகத்தின் அமைப்பு

நூலகம் இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, எம்பி3, ஏஏசி முதலிய ஒலிக்கோப்புகள். மற்றொன்று, .ஐடிஎல் என்னும் நீட்சி கொண்ட தரவுத்தளக் கோப்பு. எம்பி3 பாடலின் தலைப்பு, பாடியவர் பெயர் ஆகியன ஒலிக்கோப்பினுள்ளேயே ஐடி3 குறிச்சொற்களாகப் பதியப்படுகின்றன. ஆனால் இசைப்பட்டியல்கள், கேட்கப்பட்ட எண்ணிக்கை, சேர்த்த நாள் ஆகியன தரவுத்தளத்திலேயே பேணப்படுகின்றன. எனவே ஒலிக்கோப்புகளை மட்டும் மீண்டும் சேர்த்தால் பாடல்கள் திரும்பும். பல ஆண்டுகளாகத் தொகுத்த பட்டியல்கள் திரும்பா.

காரணங்கள்

புதிய பதிப்பு, முதன்முறை திறக்கப்படும்போது பழைய தரவுத்தளத்தைத் தனது வடிவத்திற்கு மாற்றக்கூடும். அவ்வேளையில் மின்தடை ஏற்பட்டாலோ வட்டில் இடம் போதாவிட்டாலோ கோப்பு சிதையலாம். புதிய பதிப்பு எழுதிய கோப்பைப் பழைய பதிப்பால் படிக்க இயலாமையும் ஒரு காரணமாகும்.

மீட்கும் முறை

இற்றைப்படுத்தலின்போது ஐடியூன்ஸ் பழைய தரவுத்தளத்தின் நகலை, "பிரீவியஸ் ஐடியூன்ஸ் லைப்ரரீஸ்" என்னும் கோப்புறையில் தேதியுடன் சேமிக்கிறது. மீட்பு இந்நகலையே சார்ந்தது.

1. மென்பொருளை முற்றாக மூடவும்.
2. இசைக் கோப்புறையில் உள்ள ஐடியூன்ஸ் கோப்புறையைத் திறந்து, பழுதான .ஐடிஎல் கோப்பை வேறிடத்திற்கு நகர்த்தவும். அதனை அழித்துவிடக் கூடாது.
3. மேற்கூறிய கோப்புறையிலிருந்து மிக அண்மைய தேதியுள்ள கோப்பின் நகலை எடுத்து, ஐடியூன்ஸ் கோப்புறையில் இடவும்.
4. பெயரிலுள்ள தேதியை நீக்கி, முந்தைய கோப்பின் பெயரையே இடவும்.
5. மென்பொருளைத் திறக்கவும். அத்தேதிக்குப் பின் சேர்த்த பாடல்களை மீண்டும் சேர்க்கவும்.

நகல் கிடைக்காவிடின், அதே கோப்புறையில் எக்ஸ்எம்எல் கோப்பு உள்ளதா எனப் பார்க்கலாம். புதிய வெற்று நூலகத்தில் அதனை இறக்குமதி செய்தால் இசைப்பட்டியல்களை மீட்கலாம். எனினும் சேர்த்த நாள் போன்ற சில விவரங்கள் இழக்கப்படலாம்.

வரம்புகள்

ஒலிக்கோப்புகளே அழிந்திருப்பின் இம்முறை பயன்படாது. 2001 நவம்பரில் வெளியான ஐடியூன்ஸ் 2.0 இன் மாக் ஓஎஸ் எக்ஸ் நிறுவல் நிரல், சில கணினிகளில் வன்தட்டுத் தரவுகளையே அழித்தது. ஆப்பிள் அதனைத் திரும்பப் பெற்றுத் திருத்திய பதிப்பை வெளியிட்டது. இத்தகைய இழப்பிலிருந்து காப்பது புற வன்தட்டில் உள்ள காப்பு நகல் ஒன்றே. இற்றைப்படுத்தும் முன் ஒலிக்கோப்புகளையும் தரவுத்தளக் கோப்பையும் சேர்த்தே நகலெடுத்தல் வேண்டும்.

பிற்கால மாற்றம்

2019 இல் வெளியான மாக் ஓஎஸ் காட்டலினாவில் ஐடியூன்சுக்குப் பதிலாக மியூசிக் என்னும் செயலி இடம்பெற்றது. அதன் நூலகக் கோப்பின் வடிவமும் பெயரும் வேறானவை. ஆதலால் மேற்கண்ட படிகள் ஐடியூன்ஸ் நிறுவப்பட்ட கணினிகளுக்கே பொருந்தும்.