மலையூர்களின் கதை – 9: ஆட்டுப் பணம்

பல்கேரியாவின் ஸ்ரெத்னா கோரா மலையில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், தோபோல்னித்சா ஆற்றங்கரையில் இருக்கிறது கோப்ரிவ்ஷ்டித்சா. 1793, 1804, 1809 என மூன்று முறை கொள்ளைக் கூட்டங்கள் ஊரைக் கொளுத்தியது சென்ற வாரமே சொல்லியாயிற்று. இந்த வாரம் வரவேண்டியது நாட்டார் விழா. அதற்கு முன் ஒரு கணக்கு தீர வேண்டும்: எரிந்த ஊரை மாளிகைகளாக எழுப்பப் பணம் ஏது?

ஆடுதான். இந்த உயரத்தில் தானியம் சொற்பம், புல் தாராளம். ஒட்டோமான் தலைநகர் இஸ்தான்புல்லின் அரண்மனைக்கும் படைக்கும் ஆட்டிறைச்சி ஓயாமல் தேவைப்பட்டது. பால்கன் ஊர்களில் ஆடு வாங்கி, மந்தையாக நடத்தியே தலைநகருக்குக் கொண்டுபோன வணிகர்களுக்கு ஜெலெப் என்று பெயர். அதைவிடக் கொழுத்த தொழில் ‘பெக்லிக்’ எனும் ஆட்டு வரியைக் குத்தகை எடுப்பது. அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, ஆடு வைத்திருப்பவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க வேண்டும், மிஞ்சுவது குத்தகைதாரருக்கு. இவ்வூரைச் சேர்ந்த சாலக்கோவ் குடும்பம் இந்தக் குத்தகையில்தான் ப்ளோவ்திவ் நகரத்தின் பெரும்புள்ளிகளானது. எழுத்தாளர் லியூபென் கரவேலோவின் தந்தையும் ஆட்டு வியாபாரிதான். அந்தத் தலைமுறைப் பணக்காரர்களின் வீம்பையும் வேடிக்கையையும் மகன் ‘பழங்காலத்துப் பல்கேரியர்கள்’ கதையில் கிண்டலாக எழுதிவைத்தார்.

இறைச்சி தலைநகருக்குப் போனாலும் கம்பளி ஊரிலேயே வேலை கொடுத்தது. பெண்கள் நூற்றார்கள், காலுறை பின்னினார்கள். ‘அபா’ என்ற முரட்டுக் கம்பளித் துணியைத் தைத்த தையல்காரர்கள் எகிப்து வரை வியாபாரம் செய்தார்கள். 1854இல் கட்டிய லியூத்தோவ் வீட்டின் கீழ்த்தளத்தில் தறி காணாத விரிப்புகளைப் பார்க்கலாம். சிக்கெடுத்த கம்பளி மயிரைப் பரப்பி, வெந்நீர் தெளித்து, சுருட்டி, உருட்டி உருட்டி அழுத்தினால் மயிரிலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஊடும் பாவும் இல்லாமலே கனத்த விரிப்பு தயார். பூ வேலைப்பாடும் மேலே தீட்டியதல்ல. சாயமேற்றிய மயிரை அதே பரப்பில் வைத்து அழுத்தியது.

1856இல் முடிந்த ஓஸ்லெக்கோவ் வீட்டின் முகப்பைத் தாங்கும் மூன்று மரத்தூண்கள் லெபனானிலிருந்து வந்த தேவதாரு என்பது ஊர் வழக்கு. சுவரில் நகரக் காட்சிகள் தீட்டியிருக்கின்றன. உரிமையாளர் நெஞ்சோ ஓஸ்லெக்கோவ் துணி வணிகர். 1876இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்காரர்களுக்குச் சீருடை இந்த வீட்டில்தான் தைத்தார்கள். எழுச்சி அடக்கப்பட்டதும் அவர் கொல்லப்பட்டார்.

அந்த எழுச்சிக்குப் பழைய நாட்காட்டியின் மே மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள். துப்பு கசிந்ததால், அதே நாட்காட்டியின் ஏப்ரல் 20 அன்றே, இன்றைய கணக்கில் மே 2, அது வெடித்தது. பெலோவோ ரயில் நிலைய அதிகாரியாக இருந்த தோதோர் காப்ளெஷ்கோவைக் கைது செய்யக் காவலர்கள் கோப்ரிவ்ஷ்டித்சாவுக்கு வந்திருந்தார்கள். அவர் ஆட்களைத் திரட்டி அரசு அலுவலகத்தைத் தாக்கினார். முதல் வெடி கேட்ட சிறிய கல்பாலம் இன்றும் இருக்கிறது. அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டவரின் ரத்தத்தால் சிலுவையிட்டுக் காப்ளெஷ்கோவ் பக்கத்து ஊரான பனாக்யூரிஷ்தேவுக்கு அனுப்பிய கடிதம் ‘ரத்தக் கடிதம்’ என்று பெயர் பெற்றது. பீரங்கிக்கு வழியில்லாததால் செர்ரி மரத்தைக் குடைந்து இரும்புப் பட்டை கட்டிப் பீரங்கி ஆக்கினார்கள்.

எழுச்சி தோற்றது. பனாக்யூரிஷ்தேவும் இன்னொரு பக்கத்து ஊரான க்ளிசுராவும் எரிந்தன. கோப்ரிவ்ஷ்டித்சாவில் மட்டும் பணக்காரர்கள் படைகளுக்குப் பெருந்தொகை கொடுத்து ஊரை மீட்டார்கள். புரட்சிக்கு முழு மனதோடு நிற்காதவர்கள் என்று ஏசப்பட்டவர்களின் ஆட்டுப் பணம் புரட்சிக்காரர்களின் வீடுகளையும் சேர்த்துக் காத்தது.

1878இல் பல்கேரியா பிரிந்ததும் இஸ்தான்புல் சந்தை கைவிட்டுப் போனது. வசதியானவர்கள் சோஃபியாவுக்கும் ப்ளோவ்திவுக்கும் இடம்பெயர்ந்தார்கள். பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் பணம் இல்லை. நீலமும் மஞ்சளும் செம்மண் நிறமும் பூசிய சுமார் 380 பழைய கட்டடங்கள் இன்று நிற்பதற்கு அந்தப் பணமுடையும் ஒரு காரணம்.

1965இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் நாட்டார் விழாவின் கதை அடுத்த வாரம்.